இரும்பு மூழ்கும், இரும்புக் கப்பல் மிதக்கும்: ‘சராசரி அடர்த்தி’க்குப் பின்னால் உண்மையில் நடப்பது என்ன?

வினாத்தொடர்:
வணக்கம் நண்பர்களே. பெரிய கப்பல் ஏன் மிதக்கிறது என்று எங்கே தேடினாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. கப்பலின் சராசரி அடர்த்தி நீரைவிடக் குறைவு, அதனால் மிதக்கிறது. கணக்கு சரியாகவே வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அது பதிலாகப் படவில்லை. கடல்நீர் தொடுவது வெளித்தகட்டை மட்டும்தான். உள்ளே வெறும் இடமா, சரக்கா, முழுக்க இரும்பா என்பது நீருக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு எடையையும் தாங்குவது எது, அது கப்பலின் எந்த இடத்தில் தாங்குகிறது? ஆர்க்கிமிடீஸ் விதி எனக்குத் தெரியும், அதையே திரும்ப எழுத வேண்டாம். அந்த விதி ஏன் அப்படி இருக்கிறது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பாஸ்கல்தாசன்:
உள்ளே இருப்பது எதுவும் நீருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நீருக்கு ஒரே வேலைதான்: தன்னைத் தொடும் பரப்பை அழுத்துவது. எவ்வளவு ஆழமோ அவ்வளவு அழுத்தம். கடல்நீர் கன மீட்டருக்கு 1.025 டன். ஆகவே ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 1.025 டன் எடைக்குச் சமமாக அழுத்தும், பத்து மீட்டரில் பத்தேகால் டன் அளவுக்கு. பக்கச் சுவர்களின் மேல் விழும் அழுத்தம் இடமும் வலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். அடித்தகட்டில் விழுவது மட்டும் மேல்நோக்கியே தள்ளும். நீங்கள் கேட்ட தாங்கும் இடம் அந்த அடித்தகடுதான்.

எண்களோடு பார்ப்போம். 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம், மேலே திறந்த ஓர் எஃகுப் பெட்டி. அடியும் நான்கு சுவரும் சேர்த்து 4,400 சதுர மீட்டர். தகடு 20 மில்லிமீட்டர் தடிமன் என்றால் மொத்த எஃகு 88 கன மீட்டர். எஃகு கன மீட்டருக்கு 7.85 டன், ஆகவே பெட்டியின் எடை சுமார் 691 டன்.

கடலில் இறக்கினால் எவ்வளவு அமிழும்? அடிப்பரப்பு 2,000 சதுர மீட்டர். ஒரு மீட்டர் அமிழ்ந்தால் 2,050 டன் மேல்நோக்கிய தள்ளல் கிடைக்கும். நமக்கு வேண்டியது 691 டன்தான். எனவே 34 சென்டிமீட்டரிலேயே நின்றுவிடும். அதில் 10,000 டன் சரக்கை ஏற்றுங்கள். மொத்தம் 10,691 டன், அமிழும் ஆழம் 5.21 மீட்டர். அந்த ஆழத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 5.35 டன் அளவு. 2,000 சதுர மீட்டரால் பெருக்கிப் பாருங்கள், பெட்டியும் சரக்கும் சேர்ந்த எடை வந்துவிடும். அடர்த்தி என்ற சொல்லே இங்கே தேவைப்படவில்லை.

இனி அதே 88 கன மீட்டர் எஃகை ஒரே கட்டியாக உருக்கி வார்த்துக் கடலில் போடுங்கள். அடியில் நீர் மேல்நோக்கித் தள்ளத்தான் செய்கிறது. ஆனால் கட்டியின் மேல்முகத்திலும் நீர் வந்து உட்கார்ந்து கீழ்நோக்கி அழுத்துகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 90 டன்தான், எடையோ 691 டன். மூழ்காமல் என்ன செய்யும்? பெட்டியின் சுவர் செய்யும் உதவி இதுதான். அடித்தகட்டின் மேல்பக்கத்துக்கு நீரை வரவிடாமல் தடுக்கிறது. கீழிருந்து தள்ள நீர் உண்டு, மேலிருந்து அழுத்த நீர் இல்லை.

நீலத்திமிங்கலம்:
அப்படியென்றால் உள்ளே இருக்கும் காற்றுதானே தூக்குகிறது? ‘கப்பலுக்குள் காற்று நிறைய இருப்பதால் மிதக்கிறது’ என்றுதான் நான் படித்திருக்கிறேன்.

பாஸ்கல்தாசன்:
காற்று தூக்குவதில்லை நண்பரே. பெட்டிக்குள் இருக்கும் காற்று அடித்தகட்டைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அதே வளிமண்டலம் வெளியே கடலின் மேலும் அழுத்துவதால் இரண்டும் சமனாகிவிடுகின்றன, அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. அந்தப் பெட்டியை மேலே மூடி, காற்று முழுவதையும் உறிஞ்சி எடுத்துவிடுவதாக வையுங்கள். சுவர் நசுங்காது என்றும் வையுங்கள். மூழ்குமா? மூழ்காது, மேலே எழும்பும். 20,000 கன மீட்டர் காற்று ஏறத்தாழ 24 டன் இருக்கும். அந்த 24 டன் குறைவதால் பெட்டி ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக உயரும். காற்றும் கப்பல் சுமக்கும் எடைகளில் ஒன்றுதான். நீர் இருக்க வேண்டிய இடத்தில் நீர் இல்லாமல் இருப்பது மட்டுமே வேண்டும். அந்த இடத்தில் காற்று இருந்தாலும், பஞ்சு இருந்தாலும், ஒன்றுமே இல்லாமல் இருந்தாலும் மிதப்புக்கு ஒன்றே.

இளவேனில்:
ஒரு சந்தேகம். பத்தாயிரம் டன் கப்பலை மிதக்கவைக்கப் பத்தாயிரம் டன் நீராவது இருக்க வேண்டும் அல்லவா? ‘இடம்பெயர்ந்த நீரின் எடை’ என்கிறார்களே.

பாஸ்கல்தாசன்:
வேண்டியதில்லை. அழுத்தம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது, நீரின் மொத்த அளவைப் பொறுத்ததல்ல. நம் பெட்டியைச் சுற்றி நாலாபக்கமும், அடியிலும் பத்துப் பத்து சென்டிமீட்டர் இடைவெளி மட்டும் உள்ள ஒரு தொட்டியைக் கட்டுங்கள். பெட்டி அதில் மிதக்கும்போது உள்ளே இருக்கும் நீர் சுமார் 340 டன்தான். 340 டன் நீர் 10,691 டன்னை மிதக்கவைக்கிறது! ‘இடம்பெயர்ந்த நீர்’ என்பது நீர்க்கோட்டுக்குக் கீழே பெட்டி அடைத்துக்கொண்ட இடத்தில் இருந்திருக்கக்கூடிய நீர். அது எப்போதாவது அங்கே இருந்து வழிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கப்பலைப் பழுதுபார்க்கும் உலர்துறையில் நீரை இறைக்கும்போது கப்பல் கட்டைகளின் மேல் உட்காரும் கடைசி நிமிடங்கள் வரை இப்படித்தான் மிதக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அடியில் நீரே புகாதபடி கப்பல் களிமண்ணில் அழுந்திப் பதிந்துவிட்டால், பக்கத்தில் எவ்வளவு நீர் நின்றாலும் அந்தப் பகுதிக்கு மேல்தள்ளல் கிடைக்காது. சேற்றில் புதைந்த கப்பலை மீட்பவர்கள் அடியில் நீரைப் பாய்ச்சி முதலில் பிடியை விடுவிப்பது அதற்காகத்தான்.

மேல்தளம்:
சரக்குக் கப்பல்களில் சீஃப் ஆபீசராக இருந்தவன் நான். மேலே நண்பர் போட்ட கணக்கைக் கப்பலில் தினமும் தலைகீழாகப் போடுவோம். தாது, தானியம் போன்றவற்றை மூட்டையின்றி அப்படியே கொட்டி ஏற்றும் கப்பலில் எவ்வளவு டன் ஏறியிருக்கிறது என்பதை எப்படி அளப்பது? கப்பலையேதான் தராசாக்குவோம். முன், நடு, பின் என மூன்று இடங்களில், இரு பக்கமும் டிராஃப்ட் எண்களை, அதாவது கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று காட்டும் எண்களைப் படிப்போம். துறைமுக நீரை ஒரு வாளியில் மொண்டு ஹைட்ரோமீட்டரால் அடர்த்தி பார்ப்போம். இவற்றிலிருந்து மொத்த எடை வந்துவிடும். அதில் கப்பலின் சொந்த எடை, எரிபொருள், நன்னீர், பாலஸ்ட் (கப்பலைச் சமநிலைப்படுத்தத் தொட்டிகளில் நிரப்பும் நீர்) எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது சரக்கு. இதற்கு டிராஃப்ட் சர்வே என்று பெயர். நண்பரின் பெட்டி ஒரு சென்டிமீட்டர் அமிழ 20.5 டன் வேண்டும். பெரிய கப்பல்களில் ஒரு சென்டிமீட்டருக்கு நூறு டன்னைத் தாண்டும். அலையடிக்கும்போது அந்த எண்ணைப் படிப்பதற்குப் பொறுமையும் கண்ணும் வேண்டும்.

நீரின் அடர்த்தி ஏன் முக்கியம் என்றால், அதே பெட்டி ஆற்றுக்குள் போனால் 5.21 மீட்டர் 5.35 ஆகிவிடும். கடலில் ஏற்றும்போதே இதை யோசிக்காவிட்டால் ஆற்று முகத்துவாரத்தில் அடிதட்டும். கப்பலின் பக்கத்தில் வட்டமும் அதன் ஊடே ஒரு கோடும், பக்கத்தில் ஏணிப்படி போலச் சில கோடுகளும் பார்த்திருப்பீர்கள். வெப்பக்கடல், கோடை, குளிர்காலம், நன்னீர் என ஒவ்வொன்றுக்கும் எதுவரை அமிழலாம் என்ற எல்லைகள் அவை. குளிர்கால வட அட்லாண்டிக்குக்கு 100 மீட்டர் வரையிலான சிறிய கப்பல்களுக்குத் தனியாக ஒரு கோடு உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் கீழே. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் ஆண்டுக்கணக்கில் போராடி 1876-இல் இந்தக் குறியைச் சட்டமாக்கவைத்தார். அதற்கு முன்பு அளவுக்கு மீறி ஏற்றி, காப்பீட்டுத் தொகையை நம்பி அனுப்பப்பட்ட கப்பல்களில் போன மாலுமிகள் எத்தனையோ பேர். முதல் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. கோட்டை எங்கே போடுவது என்பதை உரிமையாளரே முடிவு செய்யலாம். 1890-இல்தான் அது அடைபட்டது. இப்போது நடப்பில் இருப்பது 1966-இன் சர்வதேச ஒப்பந்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிதப்பது எளிது. உள்ளே போதிய வெற்றிடம் உள்ள மூடிய எஃகுப் பெட்டி எதுவானாலும் மிதக்கும். நிமிர்ந்து மிதப்பதுதான் கடினம். எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

வினாத்தொடர்:
பாஸ்கல்தாசன், ‘மேலிருந்து அழுத்த நீர் இல்லை’ என்ற வரியில் என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மிக்க நன்றி. மேல்தளம் ஐயா, நிமிர்ந்து நிற்பதைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள். பத்துத் தட்டு உயரத்துக்குக் கன்டெய்னர் அடுக்கியும் கவிழாமல் போகிறதே, எப்படி? அடியில் கனம் அதிகம் வைத்து, ஈர்ப்பு மையத்தை நீர்மட்டத்துக்குக் கீழே கொண்டுவந்துவிடுகிறார்களா?

கட்டுமானி:
கப்பல் வடிவமைப்புத் துறையில் இருக்கிறேன், இதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஈர்ப்பு மையம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டியதில்லை. பல கப்பல்களில் அது நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கிறது.

எடை முழுவதும் ஈர்ப்பு மையத்தில் கீழ்நோக்கி இழுக்கிறது. மேல்தள்ளல் முழுவதும் அமிழ்ந்த பகுதியின் நடுவில் மேல்நோக்கித் தள்ளுகிறது. நேராக நிற்கும்போது இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும். கப்பல் வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் கூடுதலாக அமிழும், இடப்பக்கம் எழும்பும். அமிழ்ந்த பகுதியின் வடிவமே மாறுவதால் அதன் நடுப்புள்ளி வலப்பக்கம் நகர்கிறது. தள்ளலும் அங்கே போய் நின்று கப்பலை இடப்பக்கம் திருப்புகிறது. எடை மாறாமல் நிற்க, தாங்கும் புள்ளி சாய்ந்த பக்கமாக ஓடிப்போய் முட்டுக்கொடுக்கிறது. அந்தத் தள்ளலின் கோடு கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே 1746-இல் வெளியிட்ட நூலில் இதை வகுத்தார். ஈர்ப்பு மையம் மெட்டாசென்டருக்குக் கீழே இருந்தால் கப்பல் நிமிரும், மேலே போனால் கவிழும்.

அதே பெட்டிக்குக் கணக்கிட்டால் மெட்டாசென்டர் அடியிலிருந்து 9 மீட்டர் உயரத்தில் வருகிறது. நீர்மட்டம் 5.21-இல்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எடையை மாற்றாமல் அகலத்தை மட்டும் 20-இலிருந்து 15 மீட்டராகக் குறைத்தால் அந்த 9 மீட்டர் 6.2 ஆக இறங்கிவிடும். அமிழ்ந்த பகுதியின் நடுப்புள்ளிக்கும் மெட்டாசென்டருக்கும் உள்ள தூரம் அகலத்தின் கனமடிக்கு ஏற்ப மாறுவதால்தான் இவ்வளவு சரிவு. பெரிய கன்டெய்னர் கப்பல்கள் 59, 61 மீட்டர் அகலத்தில் கட்டப்படுவதற்கு இடவசதியோடு இதுவும் காரணம். கனமான கன்டெய்னர்கள் அடியிலும் லேசானவையும் காலியானவையும் உச்சியிலும் வருமாறு ஏற்றுதிட்டம் போடுவார்கள்.

கட்டி முடித்த கப்பலின் ஈர்ப்பு மையத்தை நேரில் அளந்தே கண்டுபிடிப்போம். அமைதியான நீரில் கப்பலை நிறுத்தி, எடை தெரிந்த பாரங்களைத் தளத்தின் குறுக்கே நகர்த்தி, ஊசல் எவ்வளவு விலகுகிறது என்று அளப்போம். இந்தச் சோதனை நடக்கும் நேரத்தில் கப்பலில் தேவையற்ற ஒருவரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு சென்டிமீட்டரும் பின்னால் உயிர்களைக் காக்கும் எண்ணாகிறது.

மேல்தளம்:
அந்த எண்கள் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு ‘வாசா’ போதும். ஸ்வீடன் அரசரின் போர்க்கப்பல். பீரங்கிகள் இரண்டு தளங்களில். புறப்படுவதற்கு முன்பு முப்பது பேரைத் தளத்தின் குறுக்கே இப்படியும் அப்படியும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள், ஆனால் பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் பாய் விரித்துச் சுமார் 1,300 மீட்டர் போனதும் ஒரு காற்றடித்துச் சாய்ந்தது. திறந்திருந்த கீழ்த்தளப் பீரங்கிச் சாளரங்கள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. 1961-இல் முழுசாக மேலே எடுத்தார்கள். புயலும் இல்லை, பாறையும் இல்லை, ஈர்ப்பு மையம் ஒன்றுதான் காரணம்.

நீலத்திமிங்கலம்:
அப்படியானால் ஈர்ப்பு மையத்தை முடிந்தவரை கீழே வைத்துவிட்டால் கவலையே இல்லையே? பாலஸ்ட் தொட்டிகளை நிரப்பிவிட்டால் போதாதா?

மேல்தளம்:
இல்லை தம்பி. ரொம்பக் கீழே போனாலும் ஆபத்துதான். நிமிர்க்கும் விசை மிகுந்தால் கப்பல் வெடுக்கென்று நிமிரும், மறுபக்கம் சாயும், மறுபடி வெடுக்கென்று வரும். கட்டிய சங்கிலிகள் அறுபடும், மேலடுக்குக் கன்டெய்னர்கள் பிய்த்துக்கொண்டு போகும், ஆட்கள் தூக்கியெறியப்படுவார்கள். இப்படிப்பட்டதை ‘ஸ்டிஃப்’ என்போம். நம் பெட்டியின் ஈர்ப்பு மையம் மெட்டாசென்டருக்கு 3 மீட்டர் கீழே இருந்தால் ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 9 வினாடி. அரை மீட்டர்தான் கீழே என்றால் 22, 23 வினாடி. இது ‘டெண்டர்’. மெதுவாகச் சாய்ந்து, யோசித்து யோசித்துத் திரும்பும். பயணிகளுக்கு இதமாக இருக்கும், எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டுக்கும் நடுவே வைப்பதுதான் தொழில். இரும்புத் தாதுக் கப்பல்களில் ஓர் அறை விட்டு ஓர் அறை ஏற்றும் வழக்கத்துக்கு ஒரு காரணம் இது. எல்லா அறையிலும் பரப்பினால் தாது அடியிலேயே கிடந்து கப்பல் ஸ்டிஃப் ஆகிவிடும். பாதி அறைகளில் குவித்தால் ஈர்ப்பு மையம் கொஞ்சம் மேலே வரும்.

பாலஸ்ட் தொட்டியை நிரப்புவது சரி, ஆனால் முழுக்க நிரப்ப வேண்டும். அரைகுறையாக நிற்கும் நீர்தான் கப்பலின் பெரிய எதிரி. விரித்த தட்டில் நீரை ஏந்தி நடந்து பாருங்கள், சாயும் பக்கமே முழு நீரும் ஓடி இன்னும் சாய்க்கும்.

கட்டுமானி:
இதற்கும் எண் சொல்கிறேன், ஏனென்றால் எண்ணைப் பார்த்தால்தான் அதன் கொடுமை புரியும். நம் பெட்டிக்குள் ஒரு தளம், அதில் 60 மீட்டர் நீளத்துக்கு, முழு 20 மீட்டர் அகலத்துக்கும் தடுப்பின்றி நீர் பரவி நிற்கிறது. சிறு சாய்வுகளில் இது ஈர்ப்பு மையத்தைச் சுமார் 3.8 மீட்டர் உயர்த்தியதற்குச் சமம். முன்பு 3 மீட்டர் கையிருப்பு இருந்தது, இப்போது ஒன்றுமில்லை, கப்பல் கவிழும். நடுவில் நீளவாக்கில் ஒரே ஒரு தடுப்பு போட்டால் அந்த 3.8 நான்கில் ஒன்றாகி 0.96-க்கு இறங்கிவிடும். ஒரு தகடு, அவ்வளவுதான்.

வண்டிகள் நேராக ஏறி இறங்கும் ஃபெரி கப்பல்களில் அந்தத் தடுப்பு போட முடிவதில்லை, வண்டிகளுக்கு வழி வேண்டும். 1987 மார்ச் 6 அன்று ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகத்திலிருந்து முன்கதவைச் சாத்தாமலேயே புறப்பட்டது. வேகம் எடுத்ததும் வண்டித்தளத்தில் நீர் புகுந்து பரவியது. நிமிடங்களில் கவிழ்ந்தது, 193 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலின் மிதப்புத் திறனில் பெரும்பகுதி அப்போதும் மிச்சமிருந்தது. நிமிரும் திறன் போய்விட்டது. மேல்தளம் ஐயா சொன்ன வித்தியாசம் இதுதான்.

திடச் சரக்கும் இப்படி நீராகலாம். ஈரப்பதம் மிகுந்த தாதுத் தூள் கப்பலின் அதிர்விலும் ஆட்டத்திலும் குழம்பாகி ஒரு பக்கம் சரியும். 2015 ஜனவரியில் பாக்சைட் ஏற்றிச் சென்ற ‘பல்க் ஜூபிடர்’ இப்படித்தான் போனது. 19 பேரில் ஒருவர்தான் பிழைத்தார்.

இளவேனில்:
படிக்கவே நெஞ்சு கனக்கிறது. டைட்டானிக்கில் தடுப்புகள் இருந்தனவே, அது ஏன் காப்பாற்றவில்லை?

கட்டுமானி:
டைட்டானிக்கில் குறுக்குத் தடுப்புகளால் 16 அறைகள் இருந்தன. முன்பக்கத்து நான்கு அறைகள் நிரம்பினாலும் மிதக்கும் என்பது வடிவமைப்பு. பனிப்பாறை அதற்கும் கூடுதலான அறைகளைத் திறந்துவிட்டது. முன்பகுதி அமிழ அமிழ, தடுப்புகளின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே போனது. தடுப்புகள் மேல்தளம் வரை போகாததால் ஓர் அறை நிரம்பி அடுத்ததில் வழிந்தது. சுமார் 2 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிட்டது. நிமிர்ந்த நிலையிலேயே இருந்தது என்பதால்தான் அவ்வளவு நேரமாவது கிடைத்தது.

இதற்கு மாறாக ‘கிரேட் ஈஸ்டர்ன்’ 1862-இல் பாறையில் உரசி வெளித்தகடு 25 மீட்டர் நீளத்துக்குக் கிழிந்தும், உள்ளே இரண்டாவது தகடு இருந்ததால் கரை சேர்ந்தது.

2013 ஜூனில் இந்தியப் பெருங்கடலில் 316 மீட்டர் நீளமுள்ள ‘எம்ஓஎல் கம்ஃபர்ட்’ கன்டெய்னர் கப்பல் நடுவில் முறிந்து இரண்டானது. அலையின் முகடு நடுவில் வரும்போது இரு முனைகளும் தொங்கி, முதுகு வளைந்து முறிந்த கதை அது. கப்பல் நீளமாக நீளமாக இந்த வளைவுதான் வடிவமைப்பாளரின் முதல் கவலை. அடித்தகட்டின் ஒவ்வொரு இடத்திலும் நீர் தள்ளுவதும் அதே இடத்தில் எடை அழுத்துவதும் சமமாக இருப்பதில்லை, கூட்டுத்தொகைதான் சமம். அந்த வித்தியாசம் முழுவதையும் எஃகு சுமக்கிறது. ‘எம்ஓஎல் கம்ஃபர்ட்’டைப் பற்றி நான் சொல்ல வந்தது, முறிந்த பிறகும் இரண்டு பாதிகளும் நாள்கணக்கில் மிதந்தன. தடுப்புகள் தாங்கின.

வினாத்தொடர்:
கடைசியாக ஒன்று. மூழ்கும் கப்பல் பாதி ஆழத்தில் நின்று அங்கேயே மிதக்க வாய்ப்புண்டா? ஆழம் போகப் போக அழுத்தம் கூடும் என்றீர்களே.

பாஸ்கல்தாசன்:
இல்லை. அழுத்தம் கூடும், ஆனால் கப்பலின் மேல்முகத்திலும் அதே அளவு கூடும். வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அது நீரின் அடர்த்தியைப் பொறுத்தது. நீர் எளிதில் இறுகுவதில்லை. பதினொரு கிலோமீட்டர் ஆழத்திலும் அடர்த்தி ஏறத்தாழ 5 விழுக்காடுதான் கூடும். எஃகு அதைப்போல ஏழெட்டு மடங்கு கனம். உள்ளே அடைபட்ட காற்றறைகள் ஆழத்தில் நசுங்கும்போது அடைத்துக்கொண்ட இடமும் குறைகிறது, மேல்தள்ளலும் குறைகிறது, இறங்கும் வேகம் கூடுகிறது.

நீர்மூழ்கிக் கப்பலுக்கும் இதே தொல்லை உண்டு. ஆழம் போகும்போது அதன் உடல் நீரைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கும், மிதப்பு குறையும். அதே ஆழத்தில் நிற்க வேண்டுமானால் சமன்தொட்டியிலிருந்து சிறிது நீரை வெளியே இறைப்பார்கள், மேலே வரும்போது திரும்ப உள்ளே விடுவார்கள்.